கிட்டில் இருந்து எலக்ட்ரிக் கிட்டார்: வீட்டிலேயே பூட்டி, பெயிண்ட் அடித்து, சுருதி சேர்க்கும் வரை

பெட்டியைப் பிரித்ததும் எல்லோருக்கும் கை பெயிண்ட் டப்பாவுக்குத்தான் போகும். என்ன கலர் என்பது கிட் (வெட்டிய மரமும் மற்ற பாகங்களும் தனித்தனியாக வரும் பெட்டி) ஆர்டர் போடும் முன்பே முடிவாகியிருக்கும். சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இதுவரை ஏழு கிட்டார் உருவாகியிருக்கிறது. இரண்டு என்னுடையவை. மற்றவை சர்ச் கொயரிலும் தெருக் கச்சேரியிலும் வாசிக்கிற பையன்களுடையவை. அவற்றில் பாழானது பெரும்பாலும் ஒரே தப்பினால்தான்: பெயிண்ட் காய்ந்த பிறகு துளை போட்டது.

அதனால் வரிசையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் மரமாகவே கிட்டாரை முழுசாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். எல்லாத் துளையும் அப்போதே போட்டுவிட வேண்டும். பிறகு கழற்றி, தேய்த்து, பெயிண்ட். அது காயும் வாரங்களில் வயரிங். பிறகு மறுபடி பூட்டல், கடைசியில் செட்டப், அதாவது கம்பி உயரமும் சுருதியும் சரி செய்வது. கை வேலை நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைதான். காலண்டரில் ஒன்றரை மாதம் ஆகும். பாதி நாள் பெயிண்ட் காயக் காத்திருப்பதுதான்.

1. எந்த கிட் வாங்குவது

முதல் கிட்டாருக்கு நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்தை) பாடியோடு நான்கு ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் வகையே போதும். ஸ்ட்ராட், டெலி (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர்) வடிவங்கள் இப்படித்தான். லெஸ் பால் (கிப்சன் கம்பெனி மாடல்) வடிவக் கிட் பலவற்றில் நெக்கைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கோணம் அரை டிகிரி தவறினாலும் திருத்த வழியில்லை. ஸ்க்ரூ என்றால் கழற்றி மறுபடி பூட்டலாம்.

பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பாஸ்வுட் பாடி போதும். விலையும் எடையும் குறைவு. ஆனால் மெத்தென்ற மரம், நகம் அழுந்தினால்கூடத் தடம் விழும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றால் ஆஷ் அல்லது மஹோகனி எடுங்கள். இவற்றில் துவாரம் அதிகம் என்பதால் பட்டி பார்க்கும் வேலை கூடும்.

பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எது வேண்டும்: கையால் ஆட்டக்கூடிய ட்ரெமோலோவா, அசையாததா? என்னைக் கேட்டால் அசையாததுதான். ட்ரெமோலோவில் கம்பியின் இழுவையும் பின்னால் உள்ள ஸ்ப்ரிங்கின் இழுவையும் சமமாக நிற்க வேண்டும். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் நகரும். புதியவர் பொறுமை இழப்பது இங்கேதான்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ட்ரில் மிஷின், 1.5, 2, 3, 3.2 மி.மீ. பிட்கள். நல்ல முனையுள்ள ஸ்டார் திருப்புளி இரண்டு அளவில். ஒரு ஸ்டீல் ஸ்கேல், அரை மில்லிமீட்டர் கோடு போட்டது. இரண்டு சி கிளாம்ப். 120, 180, 240, 320 நம்பர் உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்க்க 800, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர். இவை எல்லாம் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

சால்டரிங் அயர்ன், 0.8 மி.மீ. ஈயக் கம்பி, மல்டிமீட்டர், காப்பர் டேப் ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு. அயர்ன் வாங்கும்போது 25 வாட் போதும் என்று கடைக்காரர் சொல்வார். போதாது, 60 வாட் எடுங்கள். ஏன் என்று வயரிங் பகுதியில் சொல்கிறேன்.

ஃபீலர் கேஜ் என்று ஒன்று வேண்டும். மெல்லிய தகடுகளை விசிறி மாதிரி அடுக்கிய அளவுகோல். இதற்கு கிட்டார் கடைக்குப் போக வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வைத்திருப்பது அதேதான். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள்.

3. பெட்டி வந்த அன்று

சாமான்களை எண்ணி, படம் எடுத்து வையுங்கள். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் இப்போதே கேட்டால்தான் கிடைக்கும்.

நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பாடிப் பக்கத்திலிருந்து தலைப்பகுதியை நோக்கிப் பாருங்கள். லேசாக வில் போல வளைந்திருந்தால் கவலையில்லை, ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், திருகிச் சரி செய்யும் உலோகத் தண்டு) பார்த்துக்கொள்ளும். முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு ஓரம் ஏறியும் மறு ஓரம் இறங்கியும் இருந்தால், ட்ரஸ் ராடால் அதைச் சரி செய்ய முடியாது. திருப்பி அனுப்புங்கள்.

பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு ஒரு வாரம் வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் கிடக்கட்டும். நம் பக்கத்துக் கடலோர ஈரப்பதத்துக்கு மரம் பழக வேண்டும். வந்த அன்றே அளந்து துளை போட்டால், மரம் அசைந்த பிறகு அந்த அளவு பொருந்தாமல் போகலாம்.

4. வெறும் மரத்தில் ஒரு முறை முழுப் பூட்டல்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதி எல்லாம் மன்னிக்கப்படும்.

முதலில் கம்பி நீளம். நட்டிலிருந்து (தலைப்பகுதி தொடங்குமிடத்தில் கம்பிகள் தங்கும் பட்டை) 12-வது ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஸ்ட்ராட் வகையில் 648 மி.மீ. வரும், லெஸ் பால் வகையில் சுமார் 628. நெக்கைப் பாடியின் குழியில் அழுத்தி வைத்து, பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்து, நட்டிலிருந்து மெல்லிய கம்பியின் சேடில் (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் குட்டித் தாங்கி) வரை அளவெடுங்கள். சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தும்போது அந்த 648 எட்ட வேண்டும், அதைத் தாண்டிப் பின்னுக்குப் போகவும் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். தடித்த கம்பியின் சேடில் இன்னும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். இந்த அளவு எட்டாவிட்டால் என்ன செட்டப் செய்தாலும் சுருதி சேராது.

அடுத்து நேர்கோடு. நெக்கைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், அடியில் துணி வைத்து. இரண்டு ஓரக் கம்பிகளின் இடத்தில் தையல் நூலை பிரிட்ஜிலிருந்து ட்யூனிங் கீ வரை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு நூலுக்கும் ஃபிங்கர்போர்டின் (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நூல் ஓரத்தை ஒட்டினால், வாசிக்கும்போது அந்தக் கம்பி விளிம்பிலிருந்து வழுக்கி விழும். நெக்கை இம்மி இம்மியாகத் திருப்பிச் சரி செய்யுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பாடியின் நான்கு துளை வழியாக ஆணி முனையால் நெக்கில் குறி போடுங்கள்.

இப்போது துளை. மேப்பிள் கடினமான மரம், அதனால் நெக்கில் 3 மி.மீ., ஸ்க்ரூ திணறினால் 3.2. பிட்டில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து, அந்த இடத்தில் பேப்பர் டேப் சுற்றுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் “கண்ணளவுலயே போட்டுறலாம்ணா” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான். 19-வது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு மரத்தூள் பூத்து, நடுவில் பிட்டின் முனை எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ஓட்டையை அடைத்துத் தேய்த்தோம். இன்றைக்கும் விரலில் தட்டுகிறது என்கிறான்.

பாடியில் உள்ள துளை ஸ்க்ரூவைவிட இம்மியளவு பெரிதாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ பாடிக்குள் சும்மா வழுக்கிப் போய் நெக்கை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டிலும் பிடித்தால் நடுவில் முடியளவு இடைவெளி நிற்கும். கிட்டார் வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்குவதற்கு இது ஒரு காரணம். ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகுவத்தியோ தேய்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கார்டு (பாடியின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூக்களுக்கு 2 மி.மீ., ட்யூனிங் கீயின் குட்டி ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. துளை. இந்தக் குட்டி ஸ்க்ரூ கொஞ்சம் அழுத்தினாலே தலை முறிந்துவிடும். அதற்கும் மெழுகு. ஸ்ட்ராப் பொத்தான், கேபிள் செருகும் ஜாக்கின் தகடு, பின்மூடி எல்லாவற்றுக்கும் இப்போதே துளை போட்டுவிடுங்கள்.

இரண்டு ஓரக் கம்பியை மட்டும் கட்டி, பாதிச் சுருதியில் இழுத்துப் பாருங்கள். நேராக நின்றால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே என்று எழுதி, தனித்தனிக் கவரில் போடுங்கள்.

5. தலைப்பகுதி

சில கிட்டில் தலைப்பகுதி வெறும் சதுரப் பலகையாக வரும். உங்கள் விருப்பம் போல வடிவம் வெட்டிக்கொள்ளலாம். அட்டையில் வரைந்து வெட்டி, மேலே வைத்துப் பார்த்து, பிறகு மரத்தில் கோடு போடுங்கள். ட்யூனிங் கீ துளைகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு செ.மீ. மரம் மிச்சம் இருக்கட்டும். ரம்பம் கையில் நிற்காது என்று தோன்றினால் தெருமுனை ஆசாரியிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. கோட்டுக்கு வெளியே வெட்டச் சொல்லி, மிச்சத்தை அரத்தால் நீங்கள் தேயுங்கள்.

6. தேய்ப்பு

120-ல் தொடங்கி 320 வரை, ரேகை போகும் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது. பெயிண்ட் விழுந்ததும் பளிச்சென்று தெரியும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காய விடுங்கள். படுத்திருந்த நார் எழும். அதை 320-ஆல் வழியுங்கள். இப்போது எழாவிட்டால் முதல் கோட் பெயிண்டில் எழும்.

மரக்கலர் ஏற்றப் போகிறவர்கள் தின்னரில் நனைத்த துணியால் பாடி முழுக்கத் துடைத்துப் பாருங்கள். ஃபேக்டரியில் சிந்திய பசை இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். பசை கலரைக் குடிக்காது. தேய்த்து எடுத்தே ஆக வேண்டும்.

7. பெயிண்ட்

சென்னை வெயில் பெயிண்டுக்கு நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். என் முதல் கிட்டாருக்கு நவம்பர் மாதத்தில், இரண்டு மழைக்கு நடுவில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில், கறுப்பு லேக்கர் அடித்தேன். கால் மணி நேரத்தில் அதன் மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. வெள்ளையாகத் தெரிவது அதுதான்.

அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெயிண்ட் வேலை வேண்டாம். அந்த மாதங்களில் துளை போடலாம், தேய்க்கலாம், வயரிங் பழகலாம். ஜனவரியில் போகிப் புகை அடங்கட்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். நாளிலும் நேரம் பார்க்க வேண்டும்: காலைப் பனி உலர்ந்த பிறகு பத்து மணிக்குத் தொடங்கி, மதியம் கடல்காற்று ஏறுவதற்குள் முடியுங்கள். மாலையில் அடித்தால் கொசு வந்து ஒட்டும், கண்டெய்னர் லாரி கிளப்பிய தூசியும் வந்து உட்காரும்.

எதை அடிப்பது? முதல் முறைக்கு லேக்கர் ஸ்ப்ரே டப்பா. தப்பானால் மறு கோட் பழைய கோட்டைக் கரைத்து ஒன்றாகிவிடும். கார் பட்டறைகளில் அடிக்கும் இரண்டு பாகம் கலக்கிற பி.யூ. (பாலியூரிதேன்) உறுதியானதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அது வேண்டும் என்றால் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். லேக்கருக்கும் காற்றோட்டமும், கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க்கும் வேண்டும். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நெக் உட்காரும் குழியில் பேப்பர் டேப் ஒட்டி மூடுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் உள்ளே போகாது. அடித்துத் திணித்தால் ஓரத்தில் பெயிண்ட் வெடிக்கும். அதே குழியில் ஒரு மரச்சட்டத்தை ஸ்க்ரூ போட்டுப் பிடித்துக்கொண்டால் கைப்பிடியும் ஆச்சு, கொடிக்கம்பியில் தொங்கவிடவும் ஆச்சு.

முதலில் சாண்டிங் சீலர் (அடிப்பூச்சு) இரண்டு கோட், காய்ந்ததும் 320-ஆல் தேய்ப்பு. ஆஷ், மஹோகனி என்றால் அதற்கு முன் துவாரம் அடைக்கும் பட்டி. பிறகு கலர். டப்பாவை ஒரு சாண் தூரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்து, பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். முதல் கோட்டில் மரம் பாதி தெரிய வேண்டும். ஒரே கோட்டில் மூடப் பார்ப்பவர்களுக்குத்தான் பெயிண்ட் வழிந்து கண்ணீர் மாதிரி நிற்கும். வழிந்தால் துடைக்காதீர்கள், காயவிட்டுத் தேயுங்கள். கோட்டுக்குக் கோட் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம்.

கலர் மேல் கிளியர் (நிறமில்லாத லேக்கர்) ஏழெட்டு கோட். பிறகு மூன்று வாரம் தொடாதீர்கள். விரலுக்குக் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. மூக்கை ஒட்டி முகர்ந்தால் தின்னர் வாசனை வரும்வரை அது ஈரம்தான்.

காய்ந்த பிறகு வாட்டர் பேப்பர் 800 முதல் 2000 வரை, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் தொட்டு. ஸ்க்ரூ துளைக்குள் தண்ணீர் இறங்கவே கூடாது. மரம் ஊறி, துளையைச் சுற்றிப் பெயிண்ட் பிளக்கும். தீக்குச்சியைச் செருகி அடைத்துவிட்டுத் தேயுங்கள். கடைசியில் கார் பாலிஷ்.

நெக்குக்குக் கலர் வேண்டாம், ஆனால் வெறும் மேப்பிளாக விட்டால் நம் ஊர் வேர்வையில் மூன்றே மாதத்தில் கறுத்துப்போகும். லின்ஸீட் ஆயிலை மெல்லிசாகத் துடைத்துவிடலாம். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

8. காப்பர் டேப்பும் வயரிங்கும்

சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும், ஒற்றைச் சுருள் சுற்றிய காந்தப் பாகம்) கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நன்றாக வாங்கும். ட்யூப்லைட் சோக்கு, ஃபேன் ரெகுலேட்டர், தண்ணி மோட்டார் எல்லாம் ஆம்ப்பில் பேசும். குழிகளின் உட்புறமும் பிக்கார்டின் பின்புறமும் காப்பர் டேப் ஒட்டினால் வெளியிலிருந்து வரும் கிர்ர் சத்தம் நன்றாகக் குறையும், முழுசாகப் போகாது. ஒரு பட்டை மேல் இன்னொன்று ஏறும்படி ஒட்டி, சேருமிடத்தில் ஒரு புள்ளி ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரில் எல்லா மூலைக்கும் ‘பீப்’ வர வேண்டும். இந்தக் காப்பர் முழுதும் கிரவுண்டோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியும் பலனில்லை.

பெரும்பாலான ஸ்ட்ராட் கிட்டில் பிக்கப், ஸ்விட்ச், பாட் (வால்யூம், டோன் திருகு) எல்லாம் பிக்கார்டில் பற்றவைத்தே வரும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஜாக்கின் இரண்டு ஒயரும், பின்னால் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் கொக்கித் தகட்டுக்குப் போகும் கிரவுண்டு ஒயரும்தான். அந்தத் தகடு கனமான இரும்பு, சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 வாட்டில் ஈயம் அதன் மேல் உருண்டையாக நிற்கும், ஒட்டாது. ஒரு நாள் கழித்து உதிர்ந்துவிடும். அரத்தால் அந்த இடத்தைச் சுரண்டி, 60 வாட் அயர்னால் தகட்டைச் சூடாக்கி, ஈயத்தைத் தகட்டில் தொடுங்கள். நன்றாகப் பற்றினால் ஈயம் பரவிப் பளபளவென்று இருக்கும்.

ஜாக்கில் நீளமான வளைந்த நாக்கு, சிக்னல் ஒயருக்கு. நடு வளையத்தோடு சேர்ந்தது கிரவுண்டுக்கு. மாற்றிப் போட்டால் இரைச்சல் பெரிதாகக் கேட்கும்.

கம்பி கட்டும் முன் சோதனை: கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்து, வால்யூமை முழுசாகத் திறந்து ஒவ்வொரு பிக்கப்பாக அளவெடுங்கள். சாதாரண சிங்கிள் காயில் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ முட்டுகிறது. பிக்கார்டை மூடியதும் சத்தம் செத்துப்போனால், சிக்னல் முனை காப்பர் டேப்பைத் தொடுகிறது. அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். பிறகு ஆம்ப்பில் போட்டு, திருப்புளியால் பிக்கப்பைத் தட்டுங்கள், ‘டொக்’ வர வேண்டும்.

கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைவது இயல்பு. கை வைத்ததும் ஜிவ்வென்று இழுத்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கிட்டாரின் கம்பி ஆம்ப் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. எர்த் இல்லாத பழைய வீட்டு லைனில், அல்லது எர்த் பின்னை உடைத்துச் செருகிய பிளக்கில், ஆம்ப் கெட்டால் அந்தக் கரண்ட் உங்கள் விரலுக்கு வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகே வாசியுங்கள்.

9. மறுபடி பூட்டல்

எல்லாத் துளையும் ஏற்கெனவே இருப்பதால் இது ஒரு மாலை வேலை. பெயிண்ட் ஏறிய துளை வாயைக் கையாலேயே பிட் வைத்து லேசாகத் திருகித் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ பெயிண்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். கழற்றிப் பூட்டியதில் ஏதாவது துளை தளர்ந்திருந்தால் பல்குச்சியை ஃபெவிகாலில் நனைத்துச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி ஸ்க்ரூ போடுங்கள்.

10. செட்டப்: வரிசை மாறக் கூடாது

09-42 கம்பி செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கட்டி, முழுச் சுருதிக்கு ஏற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். இழுவைக்கு நெக் பழகட்டும்.

முதலில் ட்ரஸ் ராட். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.25 மி.மீ. ஃபீலர் தகடு உரசாமல் போக வேண்டும். இடைவெளி அதிகம் என்றால் கடிகாரத் திசையில், குறைவு என்றால் எதிர்த்திசையில். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டுச் சுருதி சேர்த்து மறுபடி அளவெடுங்கள். திருகு முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள், உள்ளே ராட் முறிந்தால் நெக்கே போச்சு.

அடுத்து கம்பி உயரம். 12-வது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ., தடித்ததற்கு 2 மி.மீ. ஒரே இடத்தில் மட்டும் கம்பி கரகரவென்று உரசினால் அந்தப் பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. உயரத்தை ஏற்றி அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

பிறகு பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திய நிலையில் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த பக்கம் 2.5 மி.மீ. சத்தம் கூட வேண்டும் என்று பிக்கப்பை ஏற்றினால் அதன் காந்தம் கம்பியை இழுத்து, ஸ்வரம் அலையும்.

இண்டனேஷன் (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்பது) கடைசியில்தான், ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் அதை மாற்றும். 12-வது ஃப்ரெட்டின் மேல் விரலால் தொட்டு ஹார்மானிக் எழுப்புங்கள், பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது ஏறினால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கினால் நட்டை நோக்கி முன்னுக்கு. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் அடுத்த சோதனை.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். காசிமேட்டுக் காற்றில் புதுக் கம்பி இரண்டு மூன்று வாரத்தில் துருவேறும். ஐப்பசி மழை பிடித்ததும் நெக் ஒரு முறை நகரும், சித்திரை வெயிலில் இன்னொரு முறை. ட்ரஸ் ராட் சாவியைத் தொலைக்காமல் ஸ்ட்ராப்பிலேயே கட்டி வையுங்கள்.